சிலையைத் திருடலாம், தையலை? ஆக்கிரமிப்பில் இருக்கும் ஊர்களின் மரபை யார் காப்பாற்றுவது?

வாரத்துக்கு எத்தனை நாள்? பாலஸ்தீனத்தின் பத்தீர் கிராமத்தில் கேட்டால் எட்டு என்பார்கள்.

ஜெருசலேமுக்குத் தென்மேற்கே, மேற்குக்கரையில் இருக்கும் மலைக் கிராமம் அது. சரிவு முழுக்கக் கல் அடுக்கிக் கட்டிய படிப்படியான வயல்கள். மேலே ஒரு ஊற்று, அதன் கீழே ரோமானியர் காலத்துத் தொட்டி. ஊற்று நீர் தொட்டியில் சேர்ந்து வாய்க்கால் வழியாக வயலுக்குப் போகும். ஊரில் எட்டுப் பெரிய குடும்பங்கள். ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர். தொட்டியில் குச்சியை விட்டு, மட்டம் எவ்வளவு இறங்கியது என்று பார்த்துப் பங்கைக் கணக்கிடுவார்கள். எட்டாவது குடும்பம் பாய்ச்சி முடித்த பிறகுதான் முதல் குடும்பத்துக்கு மறுபடி முறை வரும். அதனால்தான் தண்ணீர்க் கணக்கில் அங்கே வாரம் எட்டு நாள். ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது.

2014-ல் யுனெஸ்கோ பத்தீரின் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கூடவே 'ஆபத்தில் இருப்பவை' பட்டியலிலும் சேர்த்தது. இஸ்ரேல் கட்டிவரும் தடுப்புச் சுவர் அந்த வயல்களின் ஊடாகப் போவதாகத் திட்டம் இருந்ததுதான் காரணம். இஸ்ரேலின் இயற்கை மற்றும் பூங்காக்கள் ஆணையமே அந்த இடத்தில் சுவர் வேண்டாம் என்றது. வழக்கு இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் வரை போனது, அங்கே சுவர் எழவில்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2024 ஆகஸ்டில் அதே பாரம்பரியப் பகுதியில் நஹல் ஹெலெட்ஸ் என்ற புதிய யூதக் குடியேற்றத்துக்கு இஸ்ரேல் அரசு வழிவிட்டது.

ஒரு பேச்சுக்கு, கல் வரப்பு ஒன்றுகூட இடியவில்லை, ஊற்றும் வற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் எட்டுக் குடும்பங்களில் மூன்றால் வயலுக்குப் போக முடியவில்லை. அப்போது அந்த எட்டு நாள் வாரம் என்ன ஆகும்? அதை எந்தச் சட்டம் காப்பாற்றும்?

கையில் பிடிக்க முடியாத சொத்து

யுனெஸ்கோ இப்படிப்பட்ட விஷயங்களுக்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் 'அருவப் பண்பாட்டு மரபு' என்று சொல்லலாம். உருவம் இல்லாதது, ஆனால் உயிரோடு இருப்பது. வாய்மொழிக் கதைகள், பாட்டு, கூத்து, சடங்கு, திருவிழா, இயற்கையைப் பற்றிய அறிவு, கைத்தொழில் எல்லாம் இதில் அடங்கும். 2003 அக்டோபரில் இதற்கென்றே தனி சர்வதேச ஒப்பந்தம் வந்தது. இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. இந்தியா 2005-லேயே சேர்ந்துவிட்டது.

கோயிலுக்கும் கோலத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கோயில் யாரும் போகாவிட்டாலும் நிற்கும். கோலம் நாளைக் காலையில் யாராவது போட்டால்தான் உண்டு. அருவ மரபுக்குக் குறைந்தது மூன்று விஷயம் தேவை: தெரிந்த ஆள், கற்றுக்கொள்ள ஒரு இளைய ஆள், செய்வதற்கான இடமும் நேரமும். ஆக்கிரமிப்பு என்பது பெரும்பாலும் இந்த மூன்றையும்தான் முதலில் அடிக்கிறது. சில சமயம் வேண்டுமென்றே, சில சமயம் போகிற போக்கில்.

சட்டத்தின் கண்ணுக்குக் கல்தான் தெரிகிறது

போரில் பண்பாட்டைக் காப்பது என்றதும் எல்லோரும் சொல்வது 1954-ன் ஹேக் ஒப்பந்தம். இரண்டாம் உலகப் போரின் அழிவுகளைப் பார்த்த பிறகு எழுதப்பட்டது. ஆக்கிரமிக்கும் படைக்கு என்னென்ன பொறுப்பு என்று அதில் தனிப் பிரிவே உண்டு. 1999-ல் வந்த கூடுதல் நெறிமுறை, ஆக்கிரமித்த இடத்திலிருந்து கலைப்பொருட்களைக் கடத்துவது, அகழாய்வு செய்வது, வரலாற்றுத் தடயத்தை மறைக்கும்படி கட்டடங்களை மாற்றுவது ஆகியவற்றைத் தடுக்கிறது. நல்லதுதான். ஆனால் ஹேக் ஒப்பந்தம் பாதுகாப்பதாகச் சொல்வது 'அசையும் அல்லது அசையாச் சொத்து'. பாட்டு இந்த இரண்டில் எதிலும் வராது.

மாலி நாட்டின் திம்புக்டுவில் நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2012-ல் அந்த ஊரைப் பிடித்த ஆயுதக் குழுக்கள், நூற்றாண்டுகள் பழைய சூஃபி மகான்களின் கல்லறைகளை இடித்தன. அதே மாதங்களில் வடக்கு மாலியில் இசையையும் தடை செய்தன. பாடகர்கள் தெற்கே தலைநகர் பமாகோவுக்கு ஓடினார்கள். இன்று உலகம் முழுக்கக் கேட்கப்படும் 'சோங்ஹாய் ப்ளூஸ்' இசைக்குழு அப்படி ஓடி வந்தவர்கள் சேர்ந்து தொடங்கியதுதான். கல்லறை இடிப்புக்காக அல் மஹ்தி என்பவருக்கு 2016-ல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 9 ஆண்டுச் சிறை விதித்தது. பண்பாட்டுச் சின்னங்களை அழித்ததை மட்டுமே மையமாக வைத்து அந்த நீதிமன்றம் நடத்திய முதல் வழக்கு அது, பெரிய வெற்றி. ஆனால் குற்றப்பத்திரிகையில் இருந்தது கட்டடங்கள் மட்டும். இசை இல்லை.

சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1949-ன் நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தில் 27-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆக்கிரமிப்பில் வாழும் மக்களின் மானம், குடும்ப உரிமை, மத நம்பிக்கை, பழக்கவழக்கங்கள் மதிக்கப்பட வேண்டும் என்கிறது. 'பழக்கவழக்கங்கள்' என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் தத்ரீஸ் தையலும் தாத்தார் நடனமும் பத்தீரின் தண்ணீர் முறையும் ஒதுங்கி நிற்கின்றன. 49-வது பிரிவு மக்களை அவர்கள் இடத்திலிருந்து கட்டாயமாக வெளியேற்றுவதைத் தடுக்கிறது. அருவ மரபுக்கு இந்த 49-தான் பெரிய பாதுகாப்பு என்று வாதிடலாம். ஆட்கள் அங்கேயே இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதைவிட வலுவான ஒரு பாதுகாப்பு கிடைத்திருக்கலாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. 'இனப்படுகொலை' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லை 1944-ல் உருவாக்கியவர் போலந்தைச் சேர்ந்த யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின். நாஜி ஆக்கிரமிப்பில் இருந்த ஐரோப்பாவைப் பற்றிய புத்தகத்தில்தான் அந்தச் சொல் முதலில் வந்தது. ஒரு இனத்தின் மொழியையும் பண்பாட்டையும் அழிப்பதும் இனப்படுகொலையின் ஒரு பகுதி என்பது அவர் நிலைப்பாடு. 1948 ஒப்பந்தத்தின் வரைவிலும் 'பண்பாட்டு இனப்படுகொலை' இருந்தது. வாக்கெடுப்பில் அதை நீக்கிவிட்டார்கள். காலனிகள் வைத்திருந்த நாடுகளுக்கும், பழங்குடிகளை ஒடுக்கிய நாடுகளுக்கும் அது வசதியாக இல்லை. அந்த யோசனையில் தப்பிப் பிழைத்தது ஒரே ஒரு வரி: ஒரு குழுவின் குழந்தைகளைக் கட்டாயமாக இன்னொரு குழுவுக்கு மாற்றுவது குற்றம். உக்ரைனின் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து குழந்தைகளைக் கொண்டுபோனதற்காக 2023 மார்ச்சில் ரஷ்ய அதிபர் புதின் மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை போட்டது நினைவிருக்கும். அது போர்க்குற்றப் பிரிவில் போடப்பட்டது, இனப்படுகொலைப் பிரிவில் அல்ல. ஆனாலும் குழந்தையைக் கொண்டுபோவது என்றால் மொழியையும் தாலாட்டையும் அறுப்பது என்ற கவலை இரண்டுக்கும் பொது.

ரோஜாவுக்குள் ஒரு துலிப்

2021 டிசம்பரில் யுனெஸ்கோவின் அருவ மரபுப் பட்டியலில் 'ஓர்னெக்' சேர்ந்தது. கிரைமியத் தாத்தார்களின் அலங்கார வடிவக் கலை அது. துணியில் பூத்தையலாக, மண்பாண்டத்தில் ஓவியமாக, மரத்தில் செதுக்கலாக, நகையில் வேலைப்பாடாக வரும். பார்க்க அழகான பூ டிசைன். ஆனால் அது ஒரு மொழி. சுமார் 35 குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். ரோஜா என்றால் மணமான பெண். துலிப் என்றால் இளைஞன். பாதாம் என்றால் மணமாகாத பெண். சைப்ரஸ் அல்லது பாப்லர் மரம் வளர்ந்த ஆண். கார்னேஷன் பூ வயதானவர், அவருடைய அனுபவ அறிவு. ரோஜாவுக்குள் துலிப்பை வைத்தால் காதல், அல்லது ஆண் பெண் இணைவு. கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு துணியில் தைத்தவர் ஒரு முழு வாழ்த்தையே எழுதிவிட முடியும்.

இந்த மொழி ஒருமுறை ஏறக்குறைய அறுந்துபோனது. 1944 மே 18 அதிகாலை, நாஜிகளுக்கு உதவினார்கள் என்று ஒட்டுமொத்த சமூகத்தின் மீதும் பழி போட்டு, ஸ்டாலின் அரசு கிரைமியத் தாத்தார்களை வீடுகளிலிருந்து வெளியேற்றியது. சில நாட்களில் சுமார் 1.9 லட்சம் பேர் சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்டு, பெரும்பாலும் உஸ்பெகிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார்கள். பயணத்திலும், போய்ச் சேர்ந்த முதல் ஆண்டுகளிலும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அடுத்து கிரைமியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் பெயர்கள் ரஷ்யப் பெயர்களாக மாற்றப்பட்டன. 1967-ல் பழி நீக்கப்பட்டபோதுகூட, அரசாணை அவர்களைக் கிரைமியத் தாத்தார்கள் என்று அழைக்கவில்லை. 'முன்பு கிரைமியாவில் வசித்த தாத்தார் இனக் குடிமக்கள்' என்றது. இனத்தின் பெயரையே முகவரி மாற்றம் மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

ஊர் திரும்ப 1980-களின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாடுகடத்தலில் பிறந்த தலைமுறைதான் திரும்பி வந்தது. உஸ்பெகிஸ்தானில் பிறந்த மாமுத் சுர்லு போன்ற கலைஞர்கள், மிச்சமிருந்த சில முதிய கைவினைஞர்களிடம் உட்கார்ந்து எந்தப் பூவுக்கு என்ன பொருள் என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்தார்கள். அகராதி இல்லாத மொழிக்கு அகராதி தயாரிப்பது போன்ற வேலை. இன்னும் ஒரு பத்து, பதினைந்து ஆண்டுகள் தாமதித்திருந்தால் கேட்பதற்கு ஆள் இருந்திருக்காது.

அந்த வேலைக்குக் கிடைத்த காலம் இருபத்தைந்து ஆண்டுகூட இல்லை. 2014-ல் ரஷ்யா கிரைமியாவைப் பிடித்தது. மட்பாண்டக் கலைஞர் ருஸ்தெம் ஸ்கிபின் உட்பட பலர் உக்ரைனின் பிற பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தார்கள். ஓர்னெக்கை யுனெஸ்கோவுக்குப் பரிந்துரைத்தது உக்ரைன். பட்டியலில் சேர்ந்த நேரத்தில், அந்தக் கலையின் சொந்த மண்ணில் உக்ரைன் அரசின் ஒரு அதிகாரிகூடக் கால் வைக்க முடியாத நிலை.

இங்கேதான் 2003 ஒப்பந்தத்தின் அடிப்படைச் சிக்கல் வருகிறது. ஒவ்வொரு நாடும் 'தன் எல்லைக்குள்' இருக்கும் மரபைக் காக்க வேண்டும் என்கிறது அது. சாதாரண காலத்தில் இது நியாயமான ஏற்பாடு. ஆக்கிரமிப்பில் என்ன ஆகிறது? சட்டப்படி எல்லை ஒருவருடையது, தெருவில் அதிகாரம் இன்னொருவருடையது. கையெழுத்துப் போட்டவரால் உள்ளே போக முடியாது. உள்ளே இருப்பவர் கையெழுத்தே போடவில்லை. கிரைமியா கைமாறியபோது ரஷ்யா இந்த ஒப்பந்தத்தில் இல்லை. இஸ்ரேலும் இதில் சேரவில்லை, 2018 முடிவில் யுனெஸ்கோவிலிருந்தே விலகிவிட்டது. வாடகைக்கு விட்ட வீட்டில் வேறு யாரோ பூட்டை மாற்றிவிட்டுக் குடியிருக்க, கையில் பத்திரத்தோடு நிற்கும் உரிமையாளர் மாதிரிதான்.

ஆட அனுமதி உண்டு, அழ இல்லை

ஆக்கிரமித்தவர் எப்போதும் எல்லாவற்றையும் தடை செய்வார் என்று நினைத்தால் அது தவறு. தடை செய்தால் வெளியே தெரிந்துவிடும். அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது.

ரஷ்ய நிர்வாகத்தின் கிரைமிய அரசியல் சட்டத்தில் கிரைமியத் தாத்தார் மொழி மூன்று ஆட்சி மொழிகளில் ஒன்று. காகிதத்தில் பார்த்தால் இதைவிட என்ன வேண்டும்? ஆனால் கிரைமியத் தாத்தார் டிவி சேனலான ஏடிஆர், உரிமம் மறுக்கப்பட்டு 2015 ஏப்ரல் 1-ம் தேதி ஒளிபரப்பை நிறுத்தியது. பிறகு கீவ் நகரிலிருந்து ஒளிபரப்பியது. சில மாதங்களில் அதே மக்களுக்காக 'மில்லெத்' என்ற புதிய சேனல் ரஷ்ய நிர்வாகத்தின் ஆதரவில் வந்தது. மொழி இருக்கிறது, சேனல் இருக்கிறது, யார் பேசுவது என்பது மட்டும் மாறிவிட்டது.

திருவிழாவிலும் இதே கதை. வசந்த கால ஹிதிர்லெஸ் விழா அரசு ஏற்பாட்டில் நடக்கிறது. மேடை, இசை, நடனம், பலகாரம் எல்லாம் உண்டு. ஆனால் மே 18 நாடுகடத்தல் நினைவு நாளில் மக்கள் தாங்களாகக் கூடுவதற்குத்தான் சிக்கல். 2014-ல், எழுபதாவது நினைவு ஆண்டில், பொதுக் கூட்டங்களுக்கே தடை போட்டார்கள். ஆட அனுமதி உண்டு, அழ இல்லை. கிரைமியத் தாத்தார்களின் புகழ்பெற்ற நடனத்துக்குப் பெயர் 'ஹைதர்மா'. அதற்கு 'திரும்பி வருதல்' என்று பொருள். மேடையில் அதை ஆடும்போது பொருளை மட்டும் கழற்றிவைத்துவிட்டு ஆடு என்றால் எப்படி ஆடுவது?

நீதிமன்றம் போனார்கள். 2017 ஏப்ரலில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம், கிரைமியத் தாத்தார்களின் பிரதிநிதித்துவ அமைப்பான மெஜ்லிஸ் மீதான கட்டுப்பாடுகளைத் தொடரக் கூடாது என்று ரஷ்யாவுக்கு இடைக்கால உத்தரவு போட்டது. ரஷ்யா கேட்கவில்லை. 2024 ஜனவரி 31-ல் இறுதித் தீர்ப்பு வந்தது. அந்த இடைக்கால உத்தரவை மீறியதும், கிரைமியாவில் உக்ரைனிய மொழிக் கல்வியை நடத்திய விதமும் தவறு என்றது நீதிமன்றம். ஆனால் கிரைமியத் தாத்தார்களின் பண்பாட்டுக் கூட்டங்கள், பண்பாட்டு மரபு பற்றிய குற்றச்சாட்டுகளில் இனப்பாகுபாட்டு ஒப்பந்தம் மீறப்பட்டதாக நிரூபணம் ஆகவில்லை என்றுவிட்டது. இடித்த கட்டடத்துக்குப் போட்டோ ஆதாரம் காட்டலாம். நடக்காமல் போன ஒரு கூட்டத்துக்கு எதைக் காட்டுவது?

இந்த விளையாட்டில் ஆக்கிரமித்தவர் தோற்றதும் உண்டு. எஸ்டோனியாவில் 1869-ல் தொடங்கிய பாட்டுத் திருவிழாவை சோவியத் ஆட்சி நிறுத்தவில்லை. சோவியத் புகழ் பாடும் பாட்டுகளைப் பட்டியலில் திணித்தது, வேண்டாத பாட்டுகளை எடுத்தது. எடுக்கப்பட்டவற்றில் ஒன்று, கவிஞர் லிடியா கொய்டுலாவின் தாய்நாட்டுக் கவிதைக்கு குஸ்தாவ் எர்னெசாக்ஸ் 1944-ல் போட்ட மெட்டு. 1960 திருவிழாவில் கூடியிருந்தவர்கள் அனுமதி கேட்காமல் தாங்களாகவே அதைப் பாடினார்கள். பல்லாயிரம் பேர் சேர்ந்து பாடும்போது யாரைக் கைது செய்வது? 1988-ல் எஸ்டோனியர்கள் விடுதலை கேட்டுக் கூடியபோது அதே பாட்டு மைதானம்தான் களம். அதனால்தான் அதைப் பாட்டுப் புரட்சி என்கிறார்கள்.

கொடிக்குத் தடை, தையலுக்கு?

மறுபடி பாலஸ்தீனம். 2021 டிசம்பரில், ஓர்னெக் சேர்ந்த அதே கூட்டத்தில், பாலஸ்தீனப் பெண்களின் 'தத்ரீஸ்' பூத்தையலும் பட்டியலில் சேர்ந்தது. ஒரு பெண்ணின் உடையைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம் என்பது அந்தக் கலையின் பெருமை. தெற்கே பெடுவின் பெண்களிடம் நீலத் தையல் என்றால் மணமாகாதவர், சிவப்பு என்றால் மணமானவர். டிசைன்களின் பெயர்களே தனி சுவை: சைப்ரஸ் மரம், பாஷாவின் கூடாரங்கள், பெத்லஹேம் நிலா.

மாறாமல் இருப்பதுதான் பாரம்பரியம் என்று நினைப்பவர்களைத் தத்ரீஸ் ஏமாற்றும். இருபதாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு நிறுவனமான டிஎம்சியின் பளபள நூலும் ஐரோப்பியப் பூ டிசைன்களும் அதற்குள் நுழைந்துவிட்டன. 1948-ல் ஊர் ஊராக மக்கள் வெளியேற்றப்பட்டு, தப்பி ஓடி, அகதி முகாம்களில் சேர்ந்தபோது, வெவ்வேறு ஊர்ப் பெண்கள் பக்கத்துப் பக்கத்துக் கூடாரத்தில் உட்கார்ந்து தைத்தார்கள். ஊர் டிசைன்கள் கலந்தன. உடையில் ஊரின் பெயர் மங்கி, நாட்டின் பெயர் வந்தது.

1967-ல் மேற்குக்கரையும் காஸாவும் இஸ்ரேல் வசமான சில மாதங்களில் வந்த ராணுவ உத்தரவு எண் 101, அனுமதியின்றிக் கொடிகளும் அரசியல் சின்னங்களும் காட்டக் கூடாது என்றது. 1987 டிசம்பரில் முதல் இன்டிஃபாதா எழுச்சி தொடங்கியது. கொடியை ஏற்றினால் பறிப்பார்கள். பெண்கள் கொடியின் நான்கு நிறங்களையும், வரைபடத்தையும், புறாவையும் தங்கள் உடையிலேயே தைத்தார்கள். 'இன்டிஃபாதா உடை' என்றே அதற்குப் பெயர் வந்தது. கொடியைக் கம்பத்திலிருந்து இறக்கலாம். ஒரு பாட்டியின் உடம்பிலிருந்து இறக்க முடியுமா?

கைகள் இருக்கும்வரை சரி. காஸாவின் நெசவில் மஜ்தலாவி என்று ஒரு வகை உண்டு. இன்றைய இஸ்ரேலின் அஷ்கெலோன் நகரம் இருக்கும் இடத்தில் இருந்த மஜ்தல் ஊரின் நெசவாளர்கள் 1948-க்குப் பிறகு காஸாவுக்குக் கொண்டுவந்தது. அதில் சிவப்பும் பச்சையும் கோடு ஓடும் ஒரு துணிக்கு 'சொர்க்கமும் நரகமும்' என்று பெயர். ஊர் போய்விட்டது, துணியின் பெயரில் ஊர் தங்கியது. 2023 அக்டோபருக்குப் பிறகான போரில், ஐ.நா. கணக்குப்படி காஸா மக்களில் சுமார் 90 சதவீதம் பேர் ஒரு முறையாவது இடம்பெயர்ந்தார்கள். தறியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

எல்லாப் பழியையும் ஆக்கிரமித்தவர் மேல் போடுவதும் சரியாக இருக்காது. பாலஸ்தீனத்தின் 'ஹிகாயே', அதாவது குளிர்கால இரவுகளில் மூத்த பெண்கள் சொல்லும் கதைகளின் மரபு, 2005-லேயே யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றது. இப்ராஹிம் முஹாவி, ஷரீஃப் கனானா இருவரும் அப்படிப்பட்ட 45 கதைகளைத் தொகுத்து 1989-ல் புத்தகமாக்கினார்கள். 2007-ல் அந்தத் தொகுப்பைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொன்னது யார் தெரியுமா? ஹமாஸ் தலைமையிலான பாலஸ்தீனக் கல்வி அமைச்சகம். சில சொற்கள் ஆபாசமாம். எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. பாட்டிகள் பேசுவது மாதிரியே பேசியதுதான் அந்தக் கதைகள் செய்த குற்றம்.

ஒரு கிண்ணம் போர்ஷ்

உக்ரைன் போரில் அதிகம் வைரலான பாரம்பரியச் செய்தி ஒரு சூப்பைப் பற்றியது. பீட்ரூட் போட்ட சிவப்பு போர்ஷ். 2022 ஜூலை 1-ல் யுனெஸ்கோ 'உக்ரைனிய போர்ஷ் சமைக்கும் பண்பாட்டை', அவசரமாகக் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் அவசர நடைமுறையில் சேர்த்தது. 'போர்ஷ் போரில் வென்றது உக்ரைன்' என்று தலைப்புகள் பறந்தன. ரஷ்ய வெளியுறவுத் துறையும் கேலி செய்தது.

உண்மையில் யுனெஸ்கோ அப்படி எதையும் சொல்லவில்லை. இந்தப் பட்டியலில் சேர்ப்பது காப்புரிமை அல்ல, புவிசார் குறியீடும் அல்ல. போர்ஷ் யாருக்குச் சொந்தம் என்று அது தீர்ப்பு சொல்வதில்லை. மற்ற நாட்டில் யாரும் சமைக்கக் கூடாது என்றும் இல்லை. யுனெஸ்கோ கவலைப்பட்டது வேறு விஷயத்துக்காக. சமைப்பவர்கள் அகதியாகிவிட்டார்கள். தோட்டத்தில் காய்கறி வளர்க்க முடியவில்லை. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் குடும்பங்கள் பிரிந்துவிட்டன. அதாவது சூப்புக்கு ஆபத்து இல்லை, சூப்பைச் சுற்றி உட்காரும் மேஜைக்குத்தான் ஆபத்து.

மேஜைக்கு மட்டுமல்ல, மலைக்கும் அப்படித்தான். ஜாஅத்தர் என்ற காட்டு மூலிகையைப் பறித்து, காய வைத்து, எள் கலந்து ரொட்டியோடு சாப்பிடுவது பாலஸ்தீன வீடுகளில் அன்றாடம். 1977-ல் இஸ்ரேல் அதைப் பாதுகாக்கப்பட்ட தாவரமாக அறிவித்துப் பறிக்கத் தடை போட்டது. அதிகம் பறித்தால் அழிந்துவிடும் என்பது வாதம். பறித்தவர்களுக்கு அபராதம், வழக்கு. 2019-ல்தான் சொந்தத் தேவைக்குக் கொஞ்சம் பறிக்கலாம் என்று தளர்த்தினார்கள். தாவரத்தைக் காப்பது தேவைதான். ஆனால் எவ்வளவு பறித்தால் செடி மறுபடி துளிர்க்கும் என்று தெரிந்ததும் அந்தப் பறிப்பவர்களுக்குத்தானே?

அப்படியானால் என்னதான் செய்ய முடியும்?

நெருக்கடிக் காலத்தில் அருவ மரபைக் காப்பதற்கான நடைமுறைக் கோட்பாடுகளை யுனெஸ்கோ உறுப்பு நாடுகள் 2020-ல் ஏற்றன. அதன் சாரம் எளிமையானது: முதலில் சம்பந்தப்பட்ட மக்களைக் கேளுங்கள். இடம்பெயர்ந்தவர்களின் முகாமில் கூடாரம், அரிசி, மருந்து கொடுக்கும்போது அவர்களின் சடங்குக்கும் பாட்டுக்கும் கூடும் இடமும் ஒரு தேவை என்று எண்ணுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நிதி ஒதுக்கும்போது பாட்டுக்கு எப்போதும் கடைசி வரிசைதான்.

வெளியே வந்தவர்கள் செய்வதுதான் இப்போதைக்குப் பலனளிக்கிறது. பாலஸ்தீனத்தின் துல்கரெமில் பிறந்த விதாத் கவார் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த உடைகள் ஜோர்டானின் அம்மான் நகரில் 'திராஸ்' அருங்காட்சியகமாகியிருக்கின்றன. லெபனானின் அகதி முகாம்களில் 'இனாஷ்' அமைப்பு 1969 முதல் பெண்களுக்குத் தத்ரீஸ் வேலை கொடுக்கிறது. கலையும் பிழைக்கிறது, அடுப்பும் எரிகிறது. பதிவு செய்வது, வீடியோ எடுப்பது, டிஜிட்டல் ஆவணமாக்குவது எல்லாமே தேவை. ஒரு எச்சரிக்கையோடு. ஆக்கிரமித்த பகுதிக்குள் இருக்கும் கலைஞரின் முகமும் பெயரும் ஊரும் ஒரு பொது டேட்டாபேஸில் இருந்தால், அது ஆராய்ச்சியாளருக்கு மட்டுமா பயன்படும்? காவல்துறைக்கும் அதே லிங்க் திறக்கும். மரபைக் காக்கப்போய் மனிதரைக் காட்டிக்கொடுத்தால் இரண்டும் போய்விடும்.

இதற்கிடையே காகித வேலை அதன் பாட்டுக்கு நடக்கிறது. அவசரப் பட்டியலில் இருக்கும் மரபுகள் எப்படி இருக்கின்றன என்று சம்பந்தப்பட்ட நாடு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை யுனெஸ்கோவுக்கு அறிக்கை தர வேண்டும். மற்ற பட்டியலுக்கு ஆறு ஆண்டு. எத்தனை பேர் செய்கிறார்கள், இளையவர்கள் கற்கிறார்களா, அந்தச் சமூகத்திடம் கேட்டீர்களா என்றெல்லாம் படிவத்தில் கேள்விகள் இருக்கும். ஓர்னெக்குக்கான படிவத்தை நிரப்ப வேண்டியது உக்ரைன். பக்சிசராயில், சிம்ஃபெரோபோலில் யாராவது ஒரு பெண் இன்னமும் ரோஜாவுக்குள் துலிப்பை வரைந்துகொண்டிருக்கிறாரா என்பதை, கீவ் நகரில் உட்கார்ந்திருக்கும் ஒரு அதிகாரி அங்கே போகாமல், அவருடைய பெயரை எழுதாமல், பதிலாக எழுத வேண்டும்.